பனிக்கட்டி இருக்கும் வரை

லைலும் வெர்னாவும் விவாகரத்தில் வீட்டை விற்றார்கள், குதிரைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆற்று மடு மட்டும் இருவர் பேரிலும் நின்றுவிட்டது. மொன்டானாவில் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிற ஆண்கள் சிலர் பெண்டாட்டியை விட்டாலும் விடுவார்கள், நல்ல மடுவை விடமாட்டார்கள். லைல் அந்த ரகம்.

"ஆத்துல ஐஸ் இருக்கற வரைக்கும் மடு அவளுக்கு. ஐஸ் போனப்புறம் எனக்கு. நல்லா போர்த்திக்கிட்டு மீன் பிடிக்கட்டும்" என்று வக்கீல் முன்னாலேயே சிரித்தான். வெர்னா கையெழுத்துப் போட்டாள்.

மூன்று குளிர்காலம் அவள் அங்கே நின்றாள். விரல் மரத்துப்போகும், தூண்டில்கோலின் வளையங்களில் நூல் உறைந்துபோகும், பல நாள் ஒரு மீன்கூடத் தலைகாட்டாது. லைல் மேல் இருந்த ஆத்திரம்தான் அவளைப் பாதி நாள் சூடாக வைத்திருந்தது. மற்றபடி மடுவை நன்றாகப் படித்துக்கொண்டாள்.

நான்காவது பிப்ரவரியில் மலையிலிருந்து வெதுவெதுப்பான சினூக் காற்று இறங்கி இரண்டு நாள் விடாமல் வீசியது. வயலில் பனி கரைந்து சேறானது. வெர்னா கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். நீர்மேல் குட்டி ஈக்கள் மொய்த்தன. எதிர்க்கரை ஓரத்தில் ஒரு பெரிய ட்ரவுட் மூக்கை நீட்டி ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நாளுக்குத்தான் அவள் இத்தனை காலம் விறைத்தாள். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த எள்ளளவு பொய் ஈயைத் தூண்டில் நூலில் முடிந்துகொண்டிருந்தபோது எதிர்க்கரையில் லாரிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

லைல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மார்பு வரை ரப்பர் உடுப்பும் கையில் தூண்டில்கோலுமாக இறங்கி வந்தான்.

"போதும், கரையேறு. இனி என் முறை."

"பிப்ரவரி மாசம்டா இது. போய்ப் படுத்துத் தூங்கு."

"பேச்சுல மாசமா சொன்னோம்? ஐஸ்னுதானே சொன்னோம். எங்க ஐஸ்? காட்டு, போயிடறேன்."

இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் இனி வெயிலடிக்கிற ஒவ்வொரு நாளும் வந்து நிற்பான் என்று வெர்னாவுக்குத் தெரியும். விறைப்பது மட்டும் அவளுக்கு மிஞ்சும். அவன் நின்ற இடத்தைப் பார்த்தாள். காற்று வாரிப்போட்ட மண்ணும் காய்ந்த புல்லும் மூடி, கரையைப் போலவே கிடந்தது. கோடையில் மட்டுமே அந்த ஆற்றில் இறங்கியவனுக்கு அது கரைதான்.

"உன் காலுக்குக் கீழதான் இருக்கு. பின்னால போ."

"நல்ல கதை! என்னையே பயமுறுத்தறியா?"

"லைல், நெசமாத்தான் சொல்றேன். அடியில தண்ணி அரிச்சிருச்சு."

"கல்யாணமான நாள்லேர்ந்து நீ நெசம்தான் சொன்னே" என்று சொல்லிவிட்டு, அவளுடைய மீனுக்கு மேலேயே நூலை வீசுவதற்காக வேண்டுமென்றே இரண்டடி முன்னால் வைத்தான்.

மடார் என்றது. கட்டில் அகலத்துக்குப் பனிப்பாளம் பெயர்ந்து சாய, லைல் கழுத்தளவு தண்ணீருக்குள் போனான். தூண்டில்கோல் அவனை விட்டுவிட்டு ஆற்றோடு போனது. மிச்சப் பாளத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"கத்தாத. மீன் எப்பவோ போயிடுச்சு."

வெர்னா சற்றுக் கீழே ஆழமில்லாத இடத்தில் ஆற்றைக் கடந்து, கெட்டியான கரையில் நின்று, மீனை அள்ளும் கைவலையின் நீண்ட பிடியை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் பற்றினான். அவள் காலை ஊன்றிக்கொண்டாள், ஆனால் இழுக்கவில்லை.

"இழு! உடுப்புக்குள்ள தண்ணி ரொம்புது!"

"எதைக் கட்டிப்பிடிச்சிட்டிருந்தே இப்ப?"

அவன் உதடு நீலமாகிவிட்டது. கண்ணில் அப்பட்டமான வெறுப்பு. அவள் கண்ணிலும் அதற்குக் குறைவில்லை.

"ஐ... ஐஸ்."

"இருக்கா?"

"இருக்கு."

"அப்போ மடு யாரோடது?"

பல் தந்தியடித்தது. "உன்னோடது... உன்னோடதுதான், சனியனே!"

பிறகுதான் இழுத்தாள்.