தொழுகை இல்லாத நாட்கள்

பொன்னேரி ஸ்கேன் சென்டரில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைத்தாச்சிகள். நடுவில் ஐம்பத்தெட்டு வயது நசீரா, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகள் நௌஷீனின் தோளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். பேரப்பிள்ளை எடுத்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லோரும் பார்ப்பதாக அவளுக்கு நினைப்பு. யாரும் பார்க்கவில்லை. அவரவர் அவஸ்தை அவரவருக்கு.

மாதவிடாய் நின்று ஏழு வருஷம் கழித்து, போன பெருநாளுக்குப் பிறகு மறுபடியும் துணியில் ரத்தம் பட ஆரம்பித்தது. பழவேற்காட்டு வீட்டில் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘தொழுகை இல்ல’ என்பார்கள். அந்த நாட்களில் தொழக்கூடாது, விட்டதைத் திரும்பத் தொழவும் வேண்டாம். நசீராவும் அப்படியே சொன்னாள். “உம்மாவுக்கு வயசு திரும்புது” என்று மகள் சிஃபா கேலி செய்ய, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நசீராவுக்கு வெட்கம், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும்கூட. ரத்தம் நிற்கும், நாலு நாளில் மறுபடி வரும். அவளும் தொழுகை விரிப்பை விரித்தாள், மடித்து வைத்தாள். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. கெட்ட வாடை அடித்த துணியொன்று நௌஷீன் கண்ணில் பட்டிராவிட்டால் இன்னும் ஓடியிருக்கும். யாரைப் போய்க் கோபித்துக்கொள்வது? அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ரத்தம் அது ஒன்றுதான்.

மூத்திரம் போய்விட்டு வரச் சொன்னாள் லேடி டாக்டர். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் போதாது, உள்ளே வைத்துத்தான் பார்க்கணும் என்றதும் நசீரா மருமகளின் கையைப் பிடித்தவள் விடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கலிமா ஓதினாள். திரையில் சாம்பலாக ஏதோ அசைந்தது. டாக்டர் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

“கர்ப்பப்பை உள்சதை உங்க வயசுக்கு நாலு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும்மா. இருபத்திரண்டு இருக்கு. சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும். மெட்ராஸ் போங்க, லேட் பண்ணாதீங்க.”

“கேன்சரா டாக்டர்?” என்றாள் நௌஷீன்.

“டெஸ்ட் பண்ணாதான் சொல்ல முடியும்.” டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நசீரா எழுந்து உட்கார்ந்தாள். “அது கெடக்கட்டும். டாக்டரம்மா, இது மாசாமாசம் வர்றது இல்லியா?”

“இல்லம்மா. அது நின்னா நின்னதுதான். இது வியாதி.”

“மொதல்லேந்தா?”

“மொதல்லேந்தே.”

நசீரா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். வியாதி ரத்தம் பட்டாலும் தொழுகையை விடக்கூடாது; மாதவிடாய் இல்லையென்றால் விட்ட தொழுகை அத்தனையும் கடன். திரும்பத் தொழுதே தீர்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் சொன்னாள்: “இன்னாம்மா நௌஷீன், சிரிச்சிக்கினே எல்லாத்தையும் உட்டுட்டேனே. போய்ச் சேர்றதுக்குள்ள எப்டி முடிப்பேன்?”

“அப்டிலாம் பேசாதீங்க மாமி. டெலிபோன் பூத்லேந்தே மாமாவுக்குப் போன் பண்றேன். நாளைக்கே மெட்ராஸ் போலாம்.”

நசீரா காதில் வாங்கவில்லை. குழாயடியில் முகம் கை கால் கழுவி ஒளு செய்தாள். மேற்கு எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் கேட்டு, மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பரை விரித்து நின்றாள். ஒன்று முடிந்ததும் எழுந்து அடுத்ததற்குக் கை கட்டினாள். பிள்ளைத்தாச்சிகள் காலை மடக்கி இடம் விட்டார்கள்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நௌஷீன் திரும்பியபோது மாமி சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். சேலையின் பின்பக்கம் சிவப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நௌஷீன் ரிப்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். போய் அவளுக்குப் பின்னால், வரிசையில் இருந்தவர்கள் பார்வையை மறைத்தபடி, நின்றுகொண்டாள்.