விருது கேட்டு வந்த முறைப்பாடு

1

இந்தக் கதையை நான் ஓர் அறிக்கையிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்றால் திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர்களைப் பதிவு செய்து கண்காணிக்கிற வாரியம் ஒன்று, பெயர்களை நீக்கி வெளியிட்ட ஒன்றரைப் பக்கம். (வாரியமும் என் கற்பனைதான். தேடிப் போகாதீர்கள்.) முறைப்பாடு, அதாவது புகார், செய்தவர் யார் என்ற இடத்தில் 'சிகிச்சை பெற்றவர்' என்றிருந்தது. முறைப்பாட்டின் தன்மை என்ற இடத்தில் 'பாராட்டு' என்றிருந்தது.

இதைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

2

முதல் தொடக்கம்: 'தஸ்மான் கடலுக்கு மேலே ஒரு குரல் தனியாக...' வேண்டாம். கடலை இழுத்தால் கதை நனைந்துவிடும்.

இரண்டாவது: 'கஜந்தினி வேண்டுமென்று விதியை மீறவில்லை, ஆனாலும்...' இதுவும் வேண்டாம். தீர்ப்பை நானே சொல்லிவிட்டால் வாரியத்துக்கு என்ன வேலை?

நேராகவே சொல்கிறேன். கஜந்தினிக்கு நாற்பத்தொரு வயது. உளவியலாளர். தஸ்மான் கடலுக்கு இந்தப் பக்கம், பிளாக்ஹவுஸ் பேயில், பேக்கரிக்கு மேலே ஓர் அறை. மாமியாரிடம் எப்போது 'போதும்' என்பது, மனேஜரிடம் எப்போது 'ஏலாது' என்பது என்று ஊருக்கெல்லாம் எல்லை வகுத்துக் கொடுப்பவள்.

செல்வரத்தினம் இரண்டு வருடமாக அவளிடம் வந்துகொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றியவர். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தோம் என்று தோன்றும். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் மாதம், தான் குடியிருந்த பாபடோயிட்டோயிலிருந்து கடல் தாண்டி பிரிஸ்பேனுக்கு, மகள் லக்ஷிகாவிடம் போனார்.

"ரெண்டு கிழமைதான் பிள்ளை. வீடியோவிலை கதைப்பமோ?"

"ரெண்டு கிழமையெண்டாப் பரவாயில்லை ஐயா."

இரண்டு வாரம் ஐந்து மாதமானது. ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்குச் சிகிச்சை தர அங்கேயும் பதிவு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தைக்கூட இறக்கி வைத்திருந்தாள். [ஏன் நிரப்பவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் நிரப்பாமல் வைத்திருக்கும் படிவம் எதுவென்று முதலில் சொல்லுங்கள்.]

3

எனக்கு இவள்மேல் ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். ஆகவே அவர் பிரிஸ்பேன் போன பிறகு நடந்த ஒன்பதாவது அமர்வைச் சொல்லியாக வேண்டும்.

அன்று செல்வரத்தினம் சரியாகப் பேசவில்லை. ஒருமுறை முகத்தைத் திருப்பி, "இனி எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். அப்படியே திரை உறைந்துபோனது.

கைப்பேசிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மகளின் எண் அவளிடம் இல்லை. அவசர எண் 111ஐ அழைத்தாள். முகவரி கேட்டார்கள். கோப்பில் பாபடோயிட்டோய் முகவரிதான் இருந்தது.

"அவர் பிரிஸ்பேனில் இருக்கிறார்."

"பிரிஸ்பேனில் எங்கே?"

தெரியாது. அவர் மனத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவளுக்கு அவர் இருந்த தெருவின் பெயர் தெரியாது.

பதினொரு நிமிடம் கழித்துத் திரையில் முகம் அசைந்தது.

"இன்டர்நெட் போட்டுது பிள்ளை. ஃபோனிலையும் சார்ஜ் இல்லை. மகள் தேத்தண்ணியோ எண்டு கேட்டவள், வேண்டாம் எண்டனான். ஏன் உங்கடை முகம் வெளிறிக் கிடக்கு?"*

அன்றைய குறிப்பில் 'இணைப்புத் தடங்கல்' என்று மட்டும் எழுதினாள். அவசரச் சேவையை அழைத்ததை எழுதவில்லை. முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

* யாழ்ப்பாணத்தாருக்கு மகளும் பிள்ளைதான், டாக்டரும் பிள்ளைதான். இந்த வசதி சில நேரம் ஆளைக் கொல்லப் பார்க்கும்.

4

நவம்பரில் செல்வரத்தினம் தனியாக பஸ் ஏறி நகரத்துக்குப் போய், ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தார். அந்தச் சந்தோஷத்தில், அவளுக்குச் சொல்லாமல், வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் பிரிஸ்பேன் வந்த பிறகும் இந்தப் பிள்ளை தன்னைக் கைவிடவில்லை, ஒரு விருது கொடுக்க வேண்டும் என்று. ஆதாரம் கேட்பார்களே என்று ஒவ்வொரு அமர்வுக்கும் திகதி போட்டிருந்தார்.

வாரியத்துக்கு இனி விசாரிக்க என்ன மிச்சம்?

5

ஒரு நீள மேசை. எதிரே மூன்று பேர். கஜந்தினி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவருக்குத் தமிழில் பேச அங்கே ஆள் கிடைக்கவில்லை என்றாள். தான் சரியாகத் தேடவில்லை என்பதையும் சொன்னாள்.

"நன்மைதான் நடந்திருக்கிறது" என்றார் குழுத் தலைவி. "ஆபத்தான நிலை ஏதும் வந்ததா?"

பதினொரு நிமிடத்தைப் பற்றி அந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

(என் முதல் பிரதியில் அவள் 'இல்லை' என்றாள். மூன்று நாள் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.)

தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். எழுதாமல் விட்ட குறிப்பையும் சொன்னாள். இந்த விதி இருப்பதே அன்று தனக்குத் தெரியாத அந்தத் தெருப்பெயருக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதிவு தப்பியது. எழுத்தில் எச்சரிக்கை, ஒரு வருடம் மேற்பார்வையில் தொழில், பிரிஸ்பேன் அமர்வுகள் உடனே நிறுத்தம். அவரை அங்கே பதிவு பெற்ற ஒருவரிடம் ஒப்படைக்க ஒரேயொரு அழைப்புக்கு அனுமதி.

6

ஒழுங்காகத் தேடியதும் ஒரு கிழமையில் ஆள் கிடைத்தார். பெயர் வெற்றி, மதுரைக்காரர். செல்வரத்தினத்தை ஒருமுறை அழைத்து அறிமுகமும் செய்துகொண்டார். அதன் பிறகுதான் கஜந்தினியின் கடைசி அழைப்பு.

"நல்ல பொடியன்தான் பிள்ளை. ஆனா 'மனசு விட்டுப் பேசுங்க' எண்டுறார். பேசுறதெண்டா எங்கடை ஊரிலை ஏசுறதெல்லோ? நான் ஆரை ஏச?"

கஜந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். "என்னை ஏசுங்கோ ஐயா. இடையிலை விட்டுட்டுப் போறது நான்தானே."

அவர் சிரிக்கவில்லை.

"ஏன் பிள்ளை விடுறியள்? நான் ஏதும் பிழை விட்டனானோ?"

அவர் எழுதிய கடிதம்தான் காரணம் என்று சொன்னால் உண்மை. இல்லை என்று சொன்னாலும் உண்மைதான், பிழை அவளுடையது. முதலாவதை எழுதிப் பார்த்தேன்: அவருக்கு மறுபடி மூச்சு முட்டியது, அடித்துவிட்டேன். இரண்டாவதை எழுதினேன்: அவர் நிம்மதியாக, வாரியத்துக்கு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். அதையும் அடித்துவிட்டேன்.

அவர் காத்திருக்கிறார். வலது கை மெல்ல நெஞ்சுக்குப் போகிறது. அவள் அதைப் பார்க்கிறாள். இணைப்பு இன்று நன்றாகவே இருக்கிறது, உறையப்போவதில்லை. என்னிடம் வேறு பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.