மூன்று பேர் கேட்ட கச்சேரி

ஏலக்காயைத் தரம் பிரிக்கத் தெரிந்துவிட்டால் உலகத்தில் எதையும் தரம் பிரித்துவிடலாம் என்ற திமிர் போடிக்காரர்களுக்கு உண்டு. கமிஷன் கடை சௌந்தரபாண்டியனுக்கு அது கொஞ்சம் கூடுதல். அவர் கச்சேரிகளையும் விட்டு வைக்கவில்லை. கனம், நிறம், வாசனை மூன்றும் இருந்தால் முதல் தரம். தாளம் ஓர் இடத்தில் தட்டிவிட்டால் வெடித்த காய். சுருதி விலகினால் சண்டு, கூட்டித் தள்ள வேண்டியதுதான். வித்வான்கள் யாருக்கும் இந்த மார்க்கு விவரம் தெரியாது. தெரிந்தால் என்ன செய்திருப்பார்களோ!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கடையின் பின்கட்டில் நாலு பேர் கூடுவார்கள். காய் பொறுக்கும் பெண்கள் அன்றைக்கு வருவதில்லை என்பதால் இடம் காலியாக இருக்கும். அந்த வாரம் யார் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சங்கம். சௌந்தரபாண்டியன் முதலில். அடுத்து பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ராஜாராம். அதற்கடுத்து மலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் வேலுச்சாமி. கடைசியாகச் சாக்குக்கடை செல்லக்கனி.

அந்தக் 'கடைசியாக' என்ற வார்த்தையில்தான் செல்லக்கனியின் துக்கம் முழுவதும் இருந்தது. வேலுச்சாமியை மலைக்குத் திரும்பக் கூட்டிப் போகும் ஜீப்பு பதினொன்றுக்கு வந்துவிடும். டிரைவர் ஆரன் அடித்ததும் வேலுச்சாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார், மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். "தங்கச்சி அடுத்த வாரம் சொல்லட்டும்" என்பார் சௌந்தரபாண்டியன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. எட்டு மாதத்தில் அவள் அந்தச் சங்கத்தில் பேசியது 'ஆமாண்ணாச்சி'யும் 'காப்பி போதும்'மும்தான்.

செல்லக்கனிக்குக் கேள்வி ஞானம் சர்ச்சில் வந்தது. ஆறு வயதில் பாட்டுக்குழுவின் பெஞ்சியில் ஏறி நின்று கீர்த்தனை பாடியவள், இந்தப் பாட்டு இந்த ராகம் என்று பிற்பாடு தானாகவே பிடித்துக்கொண்டாள். வீட்டில் அதைப் பேச ஆள் கிடையாது. கணவருக்குச் சாக்கும் சணலும் தவிர உலகத்தில் மூன்றாவது பொருள் ஒன்று இருப்பதாகவே தெரியாது. நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷனிடம் காம்போதியைப் பற்றிப் பேச முடியுமா?

அது எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. மலையில் அடைமழை. அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி பின்கட்டுக்குள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை ரேடியோ கச்சேரியைப் பற்றி இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும். கடைக்கணக்குப் போட்டுக்கொண்டே மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கோத்து வைத்திருந்தாள். ஜீப்புக்காரன் ஆரன் அடித்தால் அவன் வாயில் போண்டாவைத் திணித்தாவது சொல்லிவிடுவது என்று முடிவு.

சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"நேத்துக் கச்சேரி இருக்கே, அப்பப்பா! நம்ம தஞ்சாவூர்க்காரர் கரகரப்பிரியாவ எடுத்து அப்படியே பிழிஞ்சு வச்சுட்டாரு. இருபது நிமிஷம் ஆலாபனை. கனம் இருந்துச்சு, நிறம் இருந்துச்சு, வாசனை இந்தா இன்னும் மூக்குலயே நிக்குது. முதல் தரம்!"

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். நேற்றா? நேற்று தஞ்சாவூர்க்காரர் எங்கே பாடினார்?

ரேடியோ நிகழ்ச்சிப் புத்தகத்தில் அவர் பெயர்தான் போட்டிருந்தது. ராகத்தின் பெயர்கூடப் போட்டிருந்தது. ஆனால் கச்சேரி தொடங்கும் நேரத்தில், வித்வானுக்குத் தொண்டை சரியில்லை என்று அறிவித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஓர் அம்மாளின் வீணையை வைத்தார்கள். மழை இரைச்சலில் அந்த அம்மாள் பெயர்கூடச் சரியாகக் காதில் விழவில்லை.

தான்தான் வேறு ஸ்டேஷனைத் திருப்பிவிட்டோமோ என்று செல்லக்கனிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் ராஜாராம் ஆரம்பித்தார்.

"ஆலாபனை சரிங்க. பிடில்காரன் கெடுத்துட்டான். எங்க பாத்தாலும் மூக்கை நொழைக்கிறான். நான் ரெண்டாந்தரம்தான் குடுப்பேன்."

"பிடிலா? பிடில் அடங்கி ஒடுங்கியில்ல வாசிச்சான்!"

"அடங்கியா? நீங்க எந்தக் கச்சேரியக் கேட்டீங்க?"

"நீரு எந்தக் கச்சேரியக் கேட்டீரு?"

இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. சண்டையை விலக்க வேலுச்சாமி வந்தார். மலையில் சேட்டன்மாரோடு பழகிப் பழகி அவர் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான் கேட்டோ. பிடில் மொதல்ல அடங்கி இருந்துச்சு, பொறவு எகிறிருச்சு. நான் கவனிச்சது வேற. ஸ்வரம் பாடுறப்ப நடுவுல ஒரு தடவ இருமினாரு பாருங்க, அந்த இருமலும் தாளத்துலயே விழுந்துச்சு. கொள்ளாம், பிரமாதம்!"

"ஆமா, அந்த இருமல்!" என்றார் சௌந்தரபாண்டியன் சிலிர்த்துப்போய்.

"கேட்டேன், கேட்டேன்" என்றார் ராஜாராம்.

செல்லக்கனி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். வயிறு குலுங்கியது. பாடாத வித்வான் இருமாத இருமலை மூன்று பெரிய மனுஷர்கள் கேட்டு ரசித்திருக்கிறார்கள்!

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. சுவரில் சௌந்தரபாண்டியனே சாக்கட்டியால் எழுதி வைத்த விதி இருந்தது: 'கேட்டதை மட்டும் பேசுக. கேட்காததைப் பேசுவோர்க்கு இங்கே இடமில்லை.' அவள் சேர்வதற்கு முன்பு சங்கத்தில் இருந்த வெள்ளைத்துரையைத் தை மாதம் வெளியேற்றியது இந்த விதிதான். பக்கத்து ஊரான தேவாரத்தில் நடந்த கல்யாணத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டு, சாயங்காலத்து நாதஸ்வரத்தைப் புகழ்ந்து பேசி மாட்டிக்கொண்டான் பாவம். இப்போது உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் வெளியே போக வேண்டும். சங்கம் என்று ஒன்று இருக்காது. அவளுக்கு இருக்கும் ஒரே இடம் இது. சொல்லாமல் விட்டால் இடம் மிஞ்சும், ஆனால் அந்த வீணையைப் பற்றி இந்த ஜென்மத்தில் யாரிடமும் பேச முடியாது.

அன்றைக்குப் பார்த்து ஜீப்பும் வரவில்லை. மலைப்பாதையில் மரம் சாய்ந்து கிடந்ததாம். சௌந்தரபாண்டியன் தாராள மனசோடு அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீயும் அதைத்தானே கேட்ட? உம்னு ஒரு வார்த்த சொல்லு. முதல் தரமா, ரெண்டாந்தரமா? உன் ஓட்டுலதான் இருக்கு."

எட்டு மாதம் கழித்து அவளுக்கென்று வந்த முறை. அதிலும் 'உம்' என்றால் போதுமாம். செல்லக்கனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நேத்து அவரு பாடவே இல்ல அண்ணாச்சி."

யாரும் குறுக்கிடுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தொண்ட சரியில்லைன்னு சொல்லிட்டு ஒரு அம்மாவோட வீணைய வச்சாங்க. பிடிலும் இல்ல, இருமலும் இல்ல."

சௌந்தரபாண்டியன் ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் வேலுச்சாமியைப் பார்த்தார். வேலுச்சாமி கூரையைப் பார்த்தார்.

"அப்ப இருமலு?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"நீங்கதான ஆலாபனைய ஆரம்பிச்சு வச்சீங்க!" என்றார் வேலுச்சாமி.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வேலுச்சாமியின் டிரான்சிஸ்டரில் செவ்வாய்க்கிழமையே பேட்டரி தீர்ந்துவிட்டது. ராஜாராம் வீட்டில் ரேடியோ மாமியார் மொக்கம்மாள் வசம். சினிமாப் பாட்டு முடியாமல் அந்த அம்மாள் ரேடியோவின் குமிழைத் தொட விடமாட்டாள். கச்சேரி முடிந்த பிறகுதான் மாஸ்டர் கைக்கு வரும். சௌந்தரபாண்டியன் கதைதான் எல்லாவற்றிலும் பரிதாபம்.

"ரேடியோவப் போட்டதும் கண்ணு சொருகிருதுப்பா. நாலு மாசமா இப்படித்தான். ஏலத்துல நாளெல்லாம் நின்னுட்டு வந்து உக்காந்தா நான் என்ன செய்ய? காலையில புத்தகத்தப் பாத்து ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன்."

"நாலு மாசமா நீங்க குடுத்த முதல் தரமெல்லாம்?" என்றார் ராஜாராம்.

"நீரு மட்டும் யோக்கியமா?"

சௌந்தரபாண்டியன் சுவரைப் பார்த்தார். எழுதியது அவர் கை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே போய் நின்றார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். வேலுச்சாமி மட்டும் பாதிப் போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது சங்கம் என்றால் செல்லக்கனி ஒருத்திதான். தலைவியும் அவளே, உறுப்பினரும் அவளே. யாரும் குறுக்கே வர மாட்டார்கள், நாள் முழுக்கப் பேசலாம். யாரிடம் பேச? எதிரே மூன்று காலிப் பாய்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் மூன்று பேரும் மழைச்சாரலில் நனைந்தபடி நின்றார்கள். வீட்டுக்கும் போகவில்லை, உள்ளே வரவும் முகமில்லை.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டாள். "கேக்காததப் பேசினாத்தான் தப்பு. பேசுறதக் கேக்குறது தப்புன்னு செவத்துல போடல."

மூன்று பேரும் யோசித்தார்கள். பிறகு கதவுநிலை வரைக்கும் வந்து, உள்ளே கால் வைக்காமல், தலையை மட்டும் நீட்டி நின்றார்கள்.

செல்லக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோத்து வைத்த வாக்கியங்களைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. கனம், நிறம், வாசனை என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அந்த வீணைக்கு அது எதுவும் ஒட்டவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"சஹானா வாசிச்சாங்க," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. "நான் அழுதுட்டேன் அண்ணாச்சி."

சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. இதைச் சொல்லவா எட்டு மாதம் காத்திருந்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சௌந்தரபாண்டியன் ஈரத் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். தூக்கக் கலக்கம், தரம் பிரிக்கும் திமிர் எதுவும் இப்போது அந்த முகத்தில் இல்லை.

"எந்த எடத்துல தங்கச்சி?" என்று கேட்டார்.

எட்டு மாதத்தில், பதில் தெரிய வேண்டும் என்று அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலேயிருந்து இறங்கி வந்து ரிஷப ஸ்வரத்தில் நிற்கும் அந்த இடத்தை மெதுவாகப் பாடிக் காட்டினாள்.