மதில் இடியலாம்

மனிதன் கட்டிய கோட்டைகள் எல்லாம் மண்ணாகிவிட்டன. மனிதனுக்குள் எழுந்த ஒரே கோட்டை மட்டும் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது, அதுவே மூளையைக் காக்கும் மதில். அன்று மாலை நகர மன்றத்தில் பேராசிரியர் தம் உரையை இப்படித்தான் தொடங்குவதாக இருந்தார். குளியலறைக் கண்ணாடி முன் கையை உயர்த்தி ஒத்திகை பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு, கூடத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தியாளின் பெயர் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து வாய் நிறையக் கூப்பிட்ட பெயர். "வாம்மா, வா வா" என்று சமாளித்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். மாமா ஏன் ஒரு மாதிரி இருக்கிறார் என்று தங்கை காதோடு கேட்டாள். அக்காள் குரலைத் தாழ்த்துகிற ஜாதி இல்லை.

"ராத்திரி பூரா குறட்டைடி. நடுவுல மூச்சே நின்னுடுது. நான் முழங்கையால ஒரு இடி இடிச்சாத்தான் திரும்பி வருது. டெஸ்டுக்கு வாங்கன்னா வந்தாத்தானே?"

மூளையால் உழைப்பவர்களின் உறக்கம் ஆழமாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் அவர் பதில் சொல்லிவந்தார். மதில் பேராசிரியரின் மதிலிலேயே ஓட்டை என்று ஊர் சிரிக்குமே என்பது சொல்லாத காரணம். இன்றைக்கு அந்தப் பதிலை அவரே நம்பவில்லை. மூச்சு நின்றால் ஆக்ஸிஜன் குறையும். குறைந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிபவரே அவர்தான். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டி நிற்கும். ஆக்ஸிஜன் போதாவிட்டால் தையல் இளகும். ரத்தத்தோடு போக வேண்டியது மூளைக்குள் கசியும். எந்தக் கசிவில் கொழுந்தியாளின் பெயர் அடித்துக்கொண்டு போயிற்றோ!

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அவருடைய மாணவி அங்கே அதே செல்களை ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்த்து, ஆக்ஸிஜன் குறைத்த பெட்டிக்குள் வைத்து, மேலே ஊற்றிய சாயம் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை உரையின்போது திரையில் காட்டும் படங்களையும் வாசகங்களையும் தயாரித்தவளும் அவள்தான். மதில் இளகலாம், கசியலாம், இடியலாம் என்று அவள் எழுதியிருந்த ஒவ்வொரு ‘லாமை’யும் போன வாரம் அவர் வெட்டி எறிந்திருந்தார். லாம் போட்டால் அது விஞ்ஞானம் இல்லை, ஜோசியம் என்று கூடவே ஒரு பிரசங்கம்.

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்ம்மா," என்று இழுத்தார். "தூக்கத்துல அப்பப்ப மூச்சு நின்னு வருது. அவருக்கு அந்த மதில்..."

"இடியும் சார்," என்றாள் அவள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கதானே அப்படி மாத்தினீங்க."

அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தட்டுல வளர்ற செல்லும் முழு மனுஷனும் ஒண்ணாம்மா?"

"இல்ல சார். அதனாலதான் லாம் போட்டேன்." இப்போது திரும்பி அவரைப் பார்த்தாள். "அந்த ஒருத்தர் சீக்கிரம் டெஸ்ட் பண்ணிக்கறது நல்லது. மூச்சுக் கருவி மாட்டிக்கிட்டுத் தூங்கினா மூச்சு நிக்காம பாத்துக்கலாம்."

அந்த ஒருத்தருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, வெட்டிய லாம்களை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். இளகலாம். கசியலாம். கசியாமலும் இருக்கலாம். போட்ட வேகத்தில், மூளை மண்டைக்குள் இருக்கலாம் என்றும் ஒரு படத்தில் ஆகிவிட்டது.

மாலையில் மேடை. சட்டையில் குட்டி மைக்கைச் செருகிவிட்டார்கள். மன்றத் தலைவர் வரவேற்புரை என்ற பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டார். பள்ளிப் பருவமே முடிகிறபாடாக இல்லை. முன்வரிசையில் மனைவி, பக்கத்தில் கொழுந்தியாள். பெயர் இன்னும் வரவில்லை. பேராசிரியர் மனத்துக்குள் ‘அ’விலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்தார். ககர வரிசையில் எங்கேயோ இமை சரிந்தது.

ஒலிபெருக்கிகளில் குறட்டை கிளம்பியது. கருவிக் கோளாறு என்று எண்ணித் தலைவர் தம் மைக்கைத் தட்டினார். கூட்டம் சிரித்தது. அப்புறம் குறட்டை நின்றது, மூச்சும் நின்றது. சிரிப்பு அங்கொன்று இங்கொன்றாக அடங்கியது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்தான். மனைவி எழுந்து ஓடினாள். படிக்கட்டு மேடையின் மறுபக்கத்தில் இருந்தது. மாணவி ஒரு பக்கமிருந்து ஓடிவந்தாள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அவர் மூச்சுக்காகக் காத்திருந்தது.

பழைய லாரி கிளம்புவதுபோல் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரு செருமல் எழுந்தது. பேராசிரியர் கண்ணைத் திறந்தார். கூட்டம் எழுந்து நிற்பதைப் பார்த்ததும், தலைவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்துக் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.