வாத்துகளுக்குப் பின்னால் ஒரு கப்பல்

ஆறாம் பக்கத்தின் அடிமூலையில் கிடந்தான் அவளுடைய அண்ணன். அகலம் ஒரு பத்தி. உயரம் நான்கு சென்டிமீட்டர்.

எஃகு ஸ்கேலைச் செய்தியின் மேல் வைத்து அளந்தது அவள் இல்லை, பதினோரு வருடப் பழக்கம். 'கயிறு அறுந்து பெயின்டர் படுகாயம்' என்று தலைப்பு. அதன் கீழே நாலே வரி. அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கியபடி வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் ஐந்தாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நடந்து பத்து நாள் கழித்துத்தான் பத்திரிகைக்குத் தெரிய வந்திருக்கிறது. கட்டடம் யாருடையது? 'ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது.' அவ்வளவுதான். நிருபருக்கு அதற்கு மேல் பேனாவில் மை இல்லை போலிருக்கிறது.

அதே பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் அந்த 'ஒரு தனியார் நிறுவனம்' அரைப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட இயக்குநர்கள் ஏழு பேர், நடுவில் ரிப்பன், பின்னால் மூன்று பாய்மரம் கொண்ட நீலக் கப்பல் சின்னம். பாதுகாப்பு வாரத் தொடக்க விழாவாம். அவள் அதையும் அளந்தாள். எண்ணூற்று நாற்பது சதுர சென்டிமீட்டர். படத்துக்கு ஒன்றரை மடங்கு, வண்ணத்துக்குக் கொஞ்சம், 'நல்ல செய்தி' என்பதற்குக் கொஞ்சம். கால்குலேட்டர் பொத்தானை அவள் அழுத்திய அழுத்தில் பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் வேலை இதுதான். வீடு கட்டி விற்கிற இரண்டு பெரிய நிறுவனங்களில் எதைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதுகின்றன, நல்லதாக எழுதுகின்றனவா கெட்டதாக எழுதுகின்றனவா என்று தினமும் அளந்து, மாதக் கடைசியில் அறிக்கை தருவது. ஒன்றின் சின்னம் கப்பல், இன்னொன்றுக்குக் கழுகு. அலுவலகத்தில் யாரும் அவற்றை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அறிக்கை கேட்பது கப்பல். கழுகைவிடத் தான் எத்தனை சதவீதம் அதிகம் என்று தெரியாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. பெயர்களை எண்ணக் கம்ப்யூட்டர் இருக்கிறது. படத்தின் ஓரத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், பாதி மறைந்து நிற்கும் சின்னத்தைக் கண்டுபிடிக்க மட்டும் அவள் கண்ணும் ஸ்கேலும் வேண்டும். அவளுக்கே 'ஸ்கேல்' என்றுதான் அங்கே பெயர்.

அண்ணனைப் பற்றிய செய்தியை வெட்டி, அந்த நறுக்கை எடுத்துக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் "சராசரியா எவ்வளவு?" என்று கேட்பதால் அவருக்குச் சராசரி என்று பெயர்.

"இத எதுல போடறது, சார்?"

"பேர் இருக்கா?"

"இல்ல."

"படத்துல சின்னம்?"

"படமே இல்ல."

"அப்புறம் என்ன, ஓரமா போடு. பேர் இல்லன்னா பொணமே விழுந்தாலும் நமக்கு சைபர்தான்."

"அது எங்க அண்ணன், சார்."

சராசரியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றது. கெட்ட மனுஷர் இல்லை. ரொம்ப நேரம் யோசித்து, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரை நாள். அதிலும் சராசரி.

மருத்துவமனையில் அண்ணன் அசையக் கூடாமல் மல்லாந்து கிடந்தான். அவனால் பார்க்க முடிந்தது கூரையை மட்டும். தங்கையைக் கண்டதும் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூரைக்கு ஒரே ஒரு பூச்சுப் பூசி, ரெண்டு பூச்சுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறான் எவனோ, பக்கத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது பார் என்றான். சிரிக்கப் பார்த்தாள். நிமிர்ந்து அந்தத் திட்டுகளைப் பார்த்தாள்.

அண்ணி கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். தையல் கடையில் நாள் முழுக்கப் பொத்தான் தைக்கிறவள். பேச்சும் அப்படித்தான், ஊசி குத்துவது மாதிரி ஒவ்வொன்றாக வரும். ஒரு கடிதத்தை நீட்டினாள். கப்பல் நிறுவனத்தின் கடிதம். மேற்படி விபத்து நடந்த அடுக்குமாடிக் கட்டடமான நான்காம் கோபுரம் எங்களுடையது அல்ல, அதன் அனுமதி வேறொரு நிறுவனத்தின் பெயரில் உள்ளது, நாங்கள் வீடுகளை விற்றுத் தரும் முகவர் மட்டுமே, மேற்படி நபர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கீழே நீலக் கப்பல். அந்த வேறொரு நிறுவனத்தின் விலாசத்தில் பூட்டிய ஷட்டர்தான் இருந்ததாம். அண்ணனை வேலைக்கு அழைத்துப் போன மேஸ்திரியின் போன், அவன் விழுந்த அன்றே செத்துவிட்டது.

அண்ணி தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அந்தக் கட்டடம் கப்பலுடையதுதான் என்று காட்ட ஒரே ஒரு காகிதமாவது கொண்டு வா, இல்லாவிட்டால் நான் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று அங்கே இருந்த அதிகாரி சொல்லிவிட்டார்.

"யாருன்னே தெரியாதாம்" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்தபடியே. "அந்தச் சுவத்துல கப்பலே நான்தான் வரைஞ்சேன். மூணு நாள் தொங்கிக்கிட்டே. பாய்மரத்துக்கு மட்டும் ரெண்டு நீலம் கலந்து அடிச்சேன். அது கண்ணுக்குத் தெரியுது, நான் தெரியலையா?"

நாத்தனாரின் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேலை அண்ணி பார்த்தாள்.

"தினம் அவனுங்களத்தானே அளக்கற. எங்களுக்கு எத்தன சென்டிமீட்டர் குடுத்த?"

"நாலு" என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் கணக்கில் சேரவில்லை என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறியவள், நான்காம் கோபுரத்தின் நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். கப்பலைப் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம், அது போதாதா என்று நினைத்திருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். கப்பல் இல்லை. ஆறு மாடி உயரத்துக்கு வெள்ளை, காய்ந்தும் காயாமலும் பளபளத்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, இன்னொருவனைக் கயிற்றில் தொங்கவிட்டு அழித்திருக்கிறார்கள். வாசல் காவலாளியிடம் கேட்டாள். "எந்தக் கப்பல்?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோபம் என்று சொல்கிறோமே, அது சில சமயம் விரல் நுனியில்தான் ஏறும். அந்த வெள்ளைச் சுவரில் நகத்தால் சுரண்டினாள். தரையோரம், அவள் இடுப்பு உயரத்தில், அங்கே கப்பல் இருந்ததுகூட இல்லை. இருந்தும் சுரண்டினாள். நகக்கண்ணில் வெள்ளை ஏறியது.

பின்னால் ஹார்ன் சத்தம். திரும்பினாள். எதிர்ப்புறக் குளத்திலிருந்து வாத்துகள் வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. கார்களெல்லாம் நின்று காத்திருந்தன. ஒரு வாத்துக்கும் அவசரம் இல்லை.

அவள் அப்படியே நின்றாள். வாத்து.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த படம் அது. ஒரு பத்திரிகையில், 'வழி விடுங்கள்' என்று தலைப்புப் போட்டு, சாலையைக் கடக்கும் வாத்துக் கூட்டத்தின் படம். செய்தி எதுவும் இல்லை, வாத்துதான் செய்தி. ஆனால் வாத்துகளுக்குப் பின்னால் நான்காம் கோபுரத்தின் சுவர், சுவரில் ஒரு நீலக் கப்பல். அந்தக் கோபுரம் கப்பலின் பட்டியலில் இல்லாததால் அவள் சேர்க்கவில்லை. அந்த மாதம் கழுகு அரை சதவீதம் முந்திவிட்டது. அவ்வளவுதான், அறிக்கை போன மறுநாளே கப்பலின் செய்தித் தொடர்பு அதிகாரி போனில் வந்துவிட்டாள். திட்டும்போதுகூடக் குரலில் சர்க்கரை சொட்டும் என்பதால் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர். எங்க சின்னம் அவ்வளவு பெருசா தெரியுதே, அத எப்படி விட்டீங்க என்று கேட்டாள்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. போட்ட அளவை மாற்ற வேண்டுமென்றால் வாடிக்கையாளர் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட திருத்தப் படிவம் வேண்டும். அது அந்த நறுக்கின் முதுகில் ஒட்டப்படும். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் போனில் மாற்றச் சொல்வார்கள். மற்றவர்கள் இந்த விதியைப் பார்த்தும் பார்க்காமல் விடுவதுண்டு. ஸ்கேல் விடமாட்டாள். கட்டடம் உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தார்கள். ஆறே கால் சதுர சென்டிமீட்டருக்காக.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் கோப்பறைக்குப் போனாள். வாத்து இருந்தது. திருப்பினாள். முதுகில் படிவம், அதில் தேன்குரலின் உருண்டை உருண்டையான கையெழுத்து: 'அனுமதி யார் பெயரில் இருப்பினும், நான்காம் கோபுரத்தின் நிலம், கட்டுமானம், வேலையாட்கள் அனைத்தும் எங்கள் நிறுவனத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ளவை. சுவரும் சின்னமும் எங்களுடையவை. எனவே இப்படத்தை எங்கள் கணக்கில் சேர்க்கக் கோருகிறோம்.' கையெழுத்து, முத்திரை, தேதி.

வேலையாட்கள் அனைத்தும். அதை மூன்று முறை படித்தாள். படத்தில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் அண்ணன் அவர்களுடைய ஆள். எலும்பு முறிந்தால் யாரென்றே தெரியாது.

நிமிர்ந்தபோது சராசரி வாசலில் நின்றிருந்தார். அவர் கண் நறுக்கில் இருந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது. பதினோரு வருடமாக ஒரே அறையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

"அத உள்ள வெச்சிரும்மா. வாடிக்கையாளர் காகிதம் இந்த வாசலத் தாண்டக் கூடாதுன்னு நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டிருக்கேன், சார்."

"உன் வேல போயிரும். கப்பல் போச்சுன்னா இங்க இருக்கற எட்டுப் பேர் வேலையும் போயிரும். அதையும் யோசி."

"யோசிச்சேன். எட்டுப் பேரும் ரெண்டு கால்ல நடந்து வீட்டுக்குப் போவாங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அங்கே மேஜையில் கிடந்த பாதுகாப்பு வாரப் படத்தில் ஹெல்மெட் இயக்குநர்களின் மேல் வைத்தாள். நறுக்கைப் பைக்குள் வைத்தாள். ஸ்கேலையும்.

"அது ஆபீஸ் ஸ்கேல்" என்றார் சராசரி.

"இல்ல சார். சேர்ந்த அன்னைக்கு நானே வாங்கிட்டு வந்தது. இங்க குடுத்தது பிளாஸ்டிக். அரை மில்லி தப்பு காட்டும்."

வழிவிட்டு நகர்ந்தார். அவள் படியிறங்கும்வரை கூப்பிடவில்லை. தடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமை. தொழிலாளர் அலுவலகத்தின் அறையில் நான்கு நாற்காலிகள்தான் இருந்தன. கப்பலின் வழக்கறிஞர் ஒன்றில், பக்கத்தில் தேன்குரல். எதிரே அண்ணி. அண்ணிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டாள். போனில் மட்டும் பேசியதால் தேன்குரலுக்கு அவள் முகம் தெரியாது. யாரோ சொந்தக்காரி என்று நினைத்து, வருத்தமான ஒரு புன்னகையைக் கொடுத்தாள்.

வழக்கறிஞர் நன்றாகப் பேசினார். நடந்தது துயரமான விஷயம்தான், நிறுவனத்துக்கு அனுதாபம் உண்டு, ஆனால் கட்டடம் தங்களுடையது அல்ல, அந்தச் சுவரில் தங்கள் சின்னம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, வேண்டுமானால் நேரில் வந்து பார்க்கலாம் என்றார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி அண்ணியைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா கொண்டு வந்திருக்கீங்க?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவள் முன்னால் வந்து நறுக்கை மேஜையில் வைத்தாள்.

அதிகாரி குனிந்தார். "வாத்தா இருக்கு?"

வழக்கறிஞர் சிரித்தேவிட்டார். தேன்குரல் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த வாத்துகளைத் தெரியும். நறுக்கின் ஓரத்தில், பின்னால் ஒட்டிய படிவத்தின் மஞ்சள் விளிம்பு மயிரிழை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதைப் பார்த்தாள். பிறகு, நின்றுகொண்டிருந்தவளை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள்.

"நீங்க..." என்றாள். குரலில் ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை.

"ஆறே கால் சதுர சென்டிமீட்டர், மேடம். நீங்க கேட்டீங்க, சேத்துக்கிட்டேன். முதுகுல உங்க கையெழுத்து இருக்கு."

மேலே விசிறி வேகமாகச் சுற்ற, நறுக்கு மேஜையிலிருந்து எழுந்து புரளப் பார்த்தது. தேன்குரலின் கை மேஜையில் நகர்ந்து வந்தது. நின்றுகொண்டிருந்தவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, அவசரப்படாமல், காகிதத்தின் குறுக்கே வைத்தாள். வந்த கை பாதியில் நின்றது. எஃகுக்கு ஒரு பக்கம் நகப்பூச்சு போட்ட ஐந்து விரல்கள். மறுபக்கம் அதிகாரியின் ஒற்றை விரல், வாத்துகளின் தலைக்கு மேலே அந்த நீலத்தைத் தேடி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே, வரிசையின் கடைசி வாத்து, ஒரு காலைத் தூக்கியபடி, நடுச்சாலையில்.