எல்லா வீட்டுக்கும் சரி

காலை ஒன்பது பத்துக்கு அன்றைய முதல் வீட்டைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"நல்லா இருக்கு. எடுத்துடலாம்" என்றான் கணவன்.

வீட்டுத் தரகருக்கு முகமெல்லாம் பல். "சார் மாதிரி நாலு பேர் கிடைச்சாப் போதும் மேடம். நான் கால் மேல கால் போட்டு உக்காந்துடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு நாளில் இந்த ஊர் மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். மூன்று சனிக்கிழமைகளாக விடிகாலை ரயிலில் இரண்டு பேரும் வருகிறார்கள், மாலை ரயிலில் திரும்புகிறார்கள். இது ஆறாவது ஏரியா. ஆறுக்கும் அவன் சரி என்றுவிட்டான். பெரிய சாலையை ஒட்டிய வீட்டுக்கு, "பஸ்ஸுக்கு வசதி." ஊர்க்கோடி வீட்டுக்கு, "அமைதியா இருக்கு." வெயில் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு, "கோடைக்குக் குளிர்ச்சி."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இப்போதைய வீட்டைப் பிடிக்க முப்பத்தொரு வீடு பார்த்தார்கள். ஒரு வீட்டைக் குழாய் சொட்டுகிறது என்று தள்ளினான். இன்னொன்றை, வீட்டுக்காரர் நாய் தன்னை ஒரு மாதிரி பார்த்தது என்று. அதற்காக பஸ்ஸிலேயே சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் ஏற மாட்டான். அவளுடைய அக்கா அவனுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை.

முந்தின நாள் போனில் அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அடி அசடே" என்றாள் அக்கா. "புருஷன் எல்லாத்துக்கும் சரிங்கறான்னு மூக்கைச் சிந்துற ஒரே பொம்பளை நீதான். என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் அனுப்பி வைக்கட்டுமா?"

அவள் வேலை காது பரிசோதனை. சத்தம் புகாத சிறிய அறைக்குள் நோயாளி ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள். சிலர் எல்லாவற்றுக்கும் அழுத்துவார்கள். அவளுக்கு ஏமாற்றம் தரக் கூடாதே என்று சிலர், சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று சிலர். அவர்களுக்கு அவள் ஒன்று செய்வாள். குமிழைத் திருப்புவது போல் கையை வைப்பாள், சத்தம் எதையும் அனுப்ப மாட்டாள். அப்போதும் அழுத்தினால் தாளின் ஓரத்தில் சிறிய பெருக்கல் குறி. யாரையும் அதற்காகக் கடிந்துகொண்டதில்லை.

கணவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம், தரகரிடம் கேட்டாள்.

"அண்ணே, யாரும் வேண்டாம்னு சொல்ற ஏரியா ஏதாவது இருக்கா?"

"ஏன் இல்லாம? நானே அங்க ஆறு மாசம் இருந்துட்டு உயிர் பிழைச்சா போதும்னு ஓடி வந்தவன்."

"அதைக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்? எம்பேரைக் கெடுக்கவா?"

"சும்மா பார்க்கத்தான்."

தெருவின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டறைகள். தகடு அறுக்கும் சத்தத்தில் பல் கூசியது. கடைசிக் கட்டடம், ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரகர் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் மூணு மாடிக்கு மேல ஏறினா எம்பொண்டாட்டி விதவை."

போன வருடம் லிஃப்ட் குழிக்குள் விழுந்து அவனுக்கு முழங்கால் அடிபட்டிருந்தது. நான்காவது மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இது வேண்டாம் என்று சொல்வான் என அவள் இரண்டு படி மேலே நின்று காத்திருந்தாள். அவன் மறுபடி ஏறினான்.

சமையலறைச் சுவர் ஓதம் ஏறி உப்பியிருந்தது. ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் கூடத்தின் நடுவில், கைகளை பேன்ட் பைகளில் விட்டு நின்றான்.

"எப்படி இருக்கு?" கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பிடிச்சா எடுத்துடலாம்."

மருத்துவமனையாக இருந்தால் தாளில் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். இங்கே அவள் கையில் சாவி மட்டும் இருந்தது.

"இதுல நீ எந்த ரூம்ல தூங்குவ?"

அவன் ஒரு கதவைப் பார்த்தான். பிறகு இன்னொரு கதவை. ஒன்று குளியலறை.

"உன் கம்பெனியில மாற்றல் கேட்டேன்னு சொன்னியே. கேட்டியா?"

கீழே பட்டறைச் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டீ நேரமாக இருக்கும். அவன் அதற்குக் காத்திருந்தவன் போல் மெதுவாகச் சொன்னான்.

"கேட்கல."

"கேட்பியா?"

"இல்ல."

அவள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தாள். சேலையில் தூசி ஒட்டியது. தட்டிவிடவில்லை.

"வேற யாராவது..."

"சீ. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இருந்தாத் தேவலை. சண்டை போட ஒரு ஆளாவது இருக்கும்."

அவன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டான்.

"உனக்கு வேலை கிடைச்சுதுன்னு சொன்ன அன்னைக்கு, நீ முன்னாடி போயிடுவ, நான் ஒரு மாசம் தனியா இருக்கணும்னு நினைச்சேன். ஒரு மாசம்தான். ஆனா நினைச்சதும் நெஞ்சுல ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. எனக்கே பயமாப் போச்சு."

"நான் உன்னை என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதனாலதான் சொல்ல முடியல. உனக்கு ஒரு நல்ல வீடாப் பார்த்து, சாமானெல்லாம் இறக்கி வச்சுட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்ல வீடா? இதைப் பார்த்துமா நல்லா இருக்குன்ன?"

அவன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். அட்டை ஒட்டிய ஜன்னலைப் பார்த்தான்.

"நான் பார்க்கவே இல்ல" என்றான்.

படி இறங்கும்போது அவன் முன்னால் போனான். தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை.

தரகரிடம் எதையும் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அடுத்துக் காட்ட வேண்டிய வீட்டின் சொந்தக்காரரிடம் அவர் நேரம் வாங்கியிருந்தார். ஆகவே போனார்கள்.

அது நல்ல வீடு. மருத்துவமனைக்கு இருபது நிமிடம். மூன்றாவது மாடி, நிறைய வெளிச்சம். அவள் வாசலிலேயே நின்றாள். அவன் உள்ளே போனான். எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினான். சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். லிஃப்டில் மூன்று தடவை ஏறி இறங்கி, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று காவலாளியோடு மல்லுக்கு நின்றான். பிறகு நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

"தாழ்ப்பாள் சரியில்ல. வெளிய இருந்து ஒரு கம்பியை விட்டாத் திறந்துக்கும். பஸ் ஸ்டாப்ல இருந்து வர்ற வழியில ரெண்டு விளக்குதான். உனக்கு மாலை ஷிஃப்ட் வரும்."

"தாழ்ப்பாளை மாத்திக்கலாம். எனக்குப் பிடிச்சிருக்கு."

"உனக்கு வெளிச்சம் இருந்தாப் போதும், உடனே பிடிச்சிடும். வீடு பார்க்கத் தெரியுமா உனக்கு?"

"ஆமா, உனக்குத்தான் தெரியும். நாய் மூஞ்சியைப் பார்த்து வீடு பார்க்கிற ஆள்."

"அந்த நாய் ரெண்டு பேரைக் கடிச்சுது, ஞாபகம் இருக்கா?"

"ஒருத்தரை!"

"ரெண்டு பேர்!"

தரகர் ஏதோ போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர்கள் குரல் காலி வீட்டில் முட்டித் திரும்பி வந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை நீட்டிப் பேசினான், ஒரு வருடமாகப் பேசாத மாதிரி. அவள் கன்னம் சுட்டது. பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கொடுக்கக் கொடுக்க இது முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அவன்தான் முதலில் நிறுத்தினான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான்.

"போலாம். ரயிலுக்கு நேரமாச்சு."

"அதுக்கப்புறம் ஒரு ரயில் இருக்கே" என்றாள் அவள். "இன்னும் ஒரு ஏரியா பார்த்துட்டுப் போலாமா?"