நாலாவது நிறுத்தம்

“ஒரு வருஷம் போவட்டும் கலை. எங்கம்மா மனசு கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் நானே வரேன் உங்க வூட்டுக்கு. உங்கம்மா கையால சாப்டுறேன், போதுமா?”

“நான் எதுவும் கேக்கலியே.”

“கேக்கலன்னாலும் மூஞ்சில எழுதி இருக்குது.”

ஆறு வருடங்களுக்கு முன்னால், பதிவு அலுவலகத்துப் படியில், கழுத்து மாலையின் ஈரம்கூடக் காயாத நேரத்தில் எழிலரசன் சொன்னது இது. அன்று கலைச்செல்விக்குச் சிரிப்புதான் வந்தது. கேட்காமலே புரிந்துகொள்கிறவனைக் கட்டியிருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. இன்று, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியலில், ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் புது வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. காதுமடல் இரண்டும் கொதித்தன.

அவளுடைய அம்மா வீடு இருக்கும் காலனிக் கிணற்றடியில்தான் நாலாவது நிறுத்தம் குறித்திருந்தாள். அதைத் தூக்கி ஏரிக்கரையில் வைத்திருந்தார்கள்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வெள்ளைக்கார அளவையாளர் ஒருவர் செஞ்சியிலிருந்து மண்டகப்பட்டு குகைக்கோயில் வரை சங்கிலி போட்டு அளந்துகொண்டே நடந்தார். அவருடைய குறிப்பேட்டின் நகல் கைக்குக் கிடைத்ததில் பிறந்ததுதான் ‘அளவைப் பாதைக் குழு’. வருடத்துக்கு ஒரு நாள் நாற்பது பேர் அந்த வழியே நடப்பார்கள். குழுவுக்கு இரண்டே வழக்கம். நிறுத்தம் எந்த இடமோ அந்த இடத்துக்காரர் மோரோ தண்ணீரோ தருவார். அந்த இடத்தைப் பற்றி அளவையாளர் எழுதிய பக்கத்தை அங்கேயே நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடிக்கிற வரை யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது.

படிப்பவள் கலைச்செல்வி. வழியைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். உரிமம் வாங்கிய நில அளவையர். குறிப்பேட்டையும் பழைய புலப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்தாள். அதற்கு மேல் வழி தெரியாததால் இதுவரை மூன்றாவது நிறுத்தத்தோடு நடை முடிந்துவிடும். நாலாவது இடம் தன் அம்மா தண்ணீர் சேந்துகிற கிணறுதான் என்று தெரிந்த அன்று, வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“மாமா, இது யாரு மாத்தினது?”

அரிகிருஷ்ணன் குழுவின் தலைவர். எழிலரசனின் சித்தப்பா. அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

“இன்னாம்மா, காலங்காத்தால? ஏரிக்கரன்னா காத்து வரும். நெழலு இருக்குது. கோட்டைக்கு உலகப் பேரு வந்த பொறவு வெளியூர்க்காரங்க நாலு பேரு வராங்க. போட்டோ நல்லா வர வாணாமா?”

“அந்த வெள்ளக்காரரு எழுதினது கெணத்தடி. ஏரிக்கர இல்ல.”

“நூறு அடி அங்க இங்க. இதுக்குப் போயி டென்ஷன் ஆவாத.”

நூறு அடியில்லை, எண்ணூற்று நாற்பது மீட்டர். அளந்தவளுக்குத் தெரியாதா? அவள் எழிலரசனைத் தேடினாள். அவன் நாலடி தள்ளி நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய கயிற்றையே அவிழ்த்துக் கட்டினான்.

முதல் நிறுத்தம், இரண்டாவது, மூன்றாவது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். துணிக்கடை அமலா மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்தாள். “அடுத்தது உங்கம்மா மோருதான கலை? அதச் சொல்லித்தான் எங்க வூட்டுக்காரர இழுத்தாந்தேன். இல்லன்னா இந்த மனுசன் கட்டில வுட்டு எறங்குவாரா?” கலைச்செல்வி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அம்மா மீனம்பாள்.

“எங்கடி வரீங்க? கெணத்த எறைச்சு, சுத்திப் பெருக்கிட்டாங்க. மோரு ரெண்டு அண்டா. சுண்டலு. டம்ளருதான் பத்தல, மஞ்சு வூட்டுலயிருந்து வாங்கியாந்தேன்.” குரல் சற்றே தாழ்ந்தது. “மாப்ளயும் கூட வராரில்ல? அவருக்கு மட்டும் தனியா சோறு ஆக்கி வெச்சிருக்கேன். சாப்டுவாரா?”

“வச்சிடும்மா, வந்துடறோம்” என்று போனை வைத்தவள் நடையை எட்டிப் போட்டாள். அழுகையில்லை, ஆத்திரம்.

கால் மணி நேரத்தில் புளியமரத்துத் திருப்பம் வந்தது. வலது பக்கம் மண்பாதை, காலனிக்கு. இடது பக்கம் ஏரிக்கரை. மரத்தடிப் பாறையில் புதுச் சுண்ணாம்பில் ஓர் அம்பு, இடது பக்கம் காட்டியது. அம்பின் வால் நுனியில் சின்னதாக ஒரு சுழி.

கலைச்செல்வி நின்றுவிட்டாள். அந்தச் சுழி அவளுக்குத் தெரியும். காதலித்த நாட்களில் அவள் பெயரை எழுதி, கடைசியில் அவன் விடுகிற சுழி. இந்தத் திருப்பமும் தெரியும். ஆறு வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் பைக்கை நிறுத்துகிற இடம். “நீ போய்ட்டு வா கலை, எனக்கு ஒரு வேல இருக்குது” என்று திரும்பிவிடுகிற இடம். அவள் ஒரு முறைகூட என்ன வேலை என்று கேட்டதில்லை.

“நேத்து சாயங்காலம் வெளிய போனது இதுக்குத்தானா?”

எழிலரசன் தரையைப் பார்த்தான். “சித்தப்பா சொன்னாரு. வரவங்கள்ல சில பேரு அங்க குடிக்க யோசிப்பாங்க, உங்கம்மாவுக்குத்தான் அசிங்கமாப் பூடும்னு... உனக்காகத்தான் கலை.”

“எனக்காக! சுண்ணாம்பு டப்பாவ தூக்கிட்டு வந்து, குனிஞ்சு, எனக்காக வரஞ்சியா?”

“நடங்க, நடங்க, வெயில் ஏறுது” என்று அரிகிருஷ்ணன் கை தட்டினார். “அந்தக் காகிதத்த ஏரிக்கரையில படிச்சுக்கலாம்.”

“படிக்க மாட்டேன் மாமா. இந்தக் காகிதத்துல இருக்கறது ஏரிக்கரயப் பத்தி எழுதினது இல்ல. படிக்காம நடக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க.”

நாற்பது பேரும் நின்றார்கள். யாரோ இருமினார்கள். அவள் கிணற்றடி பற்றிய காகிதத்தைப் பிரித்தாள். இது படிக்க வேண்டிய இடம் இல்லைதான். ஆனாலும் எந்த வழி என்று இங்கேதான் முடிவாக வேண்டும். அவளே தமிழாக்கிய வரிகள். குரல் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.

“‘இரண்டு நாளாக மழை. சங்கிலி பிடிக்கும் நால்வரின் குடியிருப்பில் தங்கினேன். கிணற்று நீர் நல்ல நீர். கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.’”

காகிதத்தை மடித்தாள்.

“கேட்டு வாங்கிக் குடிச்சாராம். எந்த நாட்டுக்காரரோ.”

அமலா தன் கணவரின் சட்டையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். “வாய்யா, மோரு ஆறிப் பூடும்.” யாரோ சிரித்தார்கள். அவள் பின்னால் நாலு பேர் நகர்ந்தார்கள், அப்புறம் ஏழெட்டுப் பேர். அரிகிருஷ்ணன் வாய்க்குள் முனகியபடி ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அவரோடும் ஆட்கள் போனார்கள். பாறைக்குப் பக்கத்தில் எழிலரசன் மட்டும் நின்றான், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. விரல் நகத்தில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது.

கேட்காமலே அவனுக்குப் புரியும் என்றிருந்தாளே, அவள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கேட்டால் சின்னவளாகிவிடுவோம் என்று ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு, கிணற்றடியில் அம்மாவை ஒவ்வொரு பண்டிகைக்கும் வழி பார்க்க விட்டவளும் அவள்தானே.

“அரசு.”

அவன் நிமிர்ந்தான்.

“நான் கேட்டதே இல்லல்ல? இப்ப கேக்கறேன். எங்கம்மா வூட்டுக்கு வா. உள்ள வந்து உக்காந்து, அவங்க கையால ஒரு வேள சோறு சாப்டு.”